சின்னத் தாள் என்று விட்டுவிடாதீர்கள்

போன கார்த்திகை மழையில் ஒரு பெண் எங்கள் துறை வாசலில் வந்து நின்றாள். ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஊர். பி.ஏ. வரலாறு படித்து மூன்று வருடம் ஆகிறது. முடித்துவிட்டதாகத்தான் அவளும் வீட்டாரும் நினைத்திருந்தார்கள். ஒரு வேலைக்குப் பட்டச் சான்றிதழ் கேட்டபோதுதான் ஒரு தாள் பாக்கி என்று தெரிந்திருக்கிறது. சுற்றுச்சூழல் கல்வி. வரலாற்றுப் பாடம் எதிலும் அறுபதுக்குக் குறையாமல் வாங்கியவள்.

"அது மேஜர் இல்லையே சார். கிளாஸ் கணக்குல சேராதுன்னு சொன்னாங்க. அப்படியே விட்டுட்டேன்."

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. முதல் வருடமே அவளை உட்காரவைத்து இதைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

சேலத்தில் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். சேர்க்கைக் குழுவிலும் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளில் படிப்பு வராமல் நின்றுபோனவர்கள் குறைவு. சேரும்போது ஒரு சான்றிதழ்த் தாள், முடிக்கும்போது ஒரு தேர்வுத் தாள், இந்த இரண்டில் ஒன்றால் நின்றுபோனவர்கள்தான் அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மே மாதத்திலிருந்து தொடங்குகிறேன். ஏற்காட்டில் அப்போது கோடை விழா. சேர்வராயன் கோயில் திருவிழாவும் அதே மாதம்தான். பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. அதே நேரத்தில்தான் பிளஸ் டூ ரிசல்ட் வரும், அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பமும் ஓடிக்கொண்டிருக்கும். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும்தான். காசு இங்கே தடையே இல்லை.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடும்போது அங்கே இருப்பவர் அவசரத்துக்குத் தன் போன் நம்பரையே போட்டுவிடுவார். கலந்தாய்வு நாள் குறித்து வரும் குறுஞ்செய்தி அந்த நம்பருக்குப் போகும். பிள்ளை மலைமேல் செம்மநத்தத்தில் சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி நின்றுகொண்டிருக்கும். இப்படி இடம் தவறிய பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். உங்கள் வீட்டு நம்பரைத்தான் போட வேண்டும் என்று நின்று சொல்லுங்கள். போட்ட பிறகு பிரதி எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அதோடு, செய்தி வரட்டும் என்று காத்திருக்காமல் கல்லூரி அறிவிப்புப் பலகையில் தரவரிசைப் பட்டியலை யாராவது ஒருவர் நேரில் வந்து பார்த்துவிடுவது நல்லது. கோரிமேட்டில் இருக்கும் மகளிர் கல்லூரி ஏற்காடு ரோட்டிலேயே இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்தால் டவுனுக்குள் போகும் முன்பே வந்துவிடும்.

தரவரிசை எப்படிப் போடுகிறார்கள் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணை மட்டும்தான் பார்ப்பார்கள். ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணை மட்டும். மற்ற பாடங்களுக்கு மொழிகளை விட்டுவிட்டு மீதி நான்கு பாடங்களைக் கூட்டி 400-க்கு. மொத்தத்தில் 600-க்கு 380 வாங்கிய பையன் ஒருவன், தமிழில் மட்டும் 93. "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப்போகுது" என்று அவன் அப்பா டைல்ஸ் வேலைக்கு அழைத்துப் போகத் தயாராக இருந்தார். தமிழ்ப் பட்டியலில் அவன் பெயர் மேலேயே இருந்தது. ஆகவே கூட்டு மதிப்பெண்ணைப் பார்த்துச் சோர்ந்து போகாதீர்கள். ஒரே ஒரு துறையை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். பிளஸ் டூவில் ஒரு பாடம் போய்விட்டதா? துணைத்தேர்வு எழுதுங்கள். கடைசிச் சுற்றில் காலியிடம் இருக்கத்தான் செய்கிறது.

இப்போது சாதிச் சான்றிதழ். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். கேரளத்துக்காரர்களுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. பெயரைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் இன்னமும் உண்டு என்பதால் சொல்கிறேன். பட்டியலில் மலையாளி என்று போட்டு, எந்தெந்த மாவட்டங்கள் என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறது. சேலம் அதில் உண்டு. ஈரோடு இல்லை. அந்த மாவட்டத்துப் பர்கூர் மலை மக்கள் அதற்காகப் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ.தான் தர வேண்டும். பி.சி., எம்.பி.சி. வகுப்பினருக்குத் துணைத் தாசில்தார் கையெழுத்து போதும், எஸ்.சி.க்குத் தாசில்தார். எஸ்.டி.க்கு மட்டும் ஆர்.டி.ஓ. ஏற்காடு தாலுகா சேலம் கோட்டத்தில் வருவதால் கோப்பு மலையிலிருந்து கீழே இறங்க வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்த பிறகு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாகப் போய், விசாரணை முடிந்துதான் கையெழுத்தாகும். மே மாதத்தில் விண்ணப்பித்துவிட்டு ஜூன் கலந்தாய்வுக்கு எதிர்பார்த்தால் எப்படி வரும்?

ஒரு அப்பா என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. மகனுக்கு எஸ்.டி. இடம் வந்துவிட்டது. கையில் இருந்ததோ இ-சேவை மையத்தில் கொடுத்த ரசீது. "இதுவும் கவர்மெண்ட்டு தாள்தானே சாமி" என்று கேட்டார். அவரிடம் என்ன சொல்வது? அவகாசம் கேட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னோம். நல்லவேளையாக இரண்டாம் சுற்றுக்குள் சான்றிதழ் வந்துவிட்டது. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

எஸ்.டி. ஒதுக்கீடு 1 விழுக்காடு. 60 பேர் படிக்கும் வகுப்பில் ஓர் இடம், அவ்வளவுதான். அந்த ஓர் இடத்தை ஒரு தாளுக்காக விடலாமா? பிள்ளை பத்தாவது படிக்கும்போதே சான்றிதழை வாங்கிவிடுங்கள். அப்பாவின் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் விசாரணை சுலபமாகும். பெயரின் எழுத்தும் இன்ஷியலும் ஆதார், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சேர்ந்தாகிவிட்டது. இனிமேல்தான் அந்த நாகலூர்ப் பெண்ணின் கதை வருகிறது.

கலைக் கல்லூரி இளங்கலைப் படிப்பு ஆறு செமஸ்டர், மொத்தம் 140 கிரெடிட். அது ஐந்து பகுதியாக இருக்கும். முதல் பகுதி தமிழ் அல்லது வேறு மொழி. இரண்டாவது ஆங்கிலம். மூன்றாவதுதான் மேஜர் என்கிற முதன்மைப் பாடம், அதோடு துணைப்பாடங்கள். பிள்ளைகள் இந்த மூன்றை மட்டும்தான் படிப்பு என்று நினைக்கிறார்கள். நான்காவது பகுதியில் சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, திறன் பாடங்கள், வேறு துறையிலிருந்து எடுக்கும் விருப்பப் பாடம் எல்லாம் வரும். ஐந்தாவது பகுதி விரிவாக்கப் பணி, அதாவது என்.எஸ்.எஸ்., என்.சி.சி., ஒய்.ஆர்.சி. (இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம்) மாதிரி ஏதாவது ஒன்றில் பெயர் கொடுத்து வேலை செய்திருக்க வேண்டும்.

முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்று கணக்குப் போடும்போது நான்காம் பகுதி மதிப்பெண் சேராது. அந்தப் பெண் கேள்விப்பட்டது அந்த அளவில் உண்மை. ஆனால் அதில் தேர்ச்சி இல்லாமல் பட்டமே வராது. இந்த இரண்டாவது பாதியை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மேஜரில் 90 வாங்கினாலும், விழுமியக் கல்வியில் ஆப்சென்ட் என்றால் அவன் பட்டதாரி இல்லை. வீட்டில் இதைக் கேட்டால் அநியாயம் என்பார்கள். விதி அதுதான்.

ஏற்காட்டுக் கான்வென்ட்டுகளில் இந்தியோ பிரெஞ்சோ எடுத்துப் படித்து எங்களிடம் வரும் பிள்ளைகளும் ஒன்று கவனிக்க வேண்டும். முதல் பகுதியில் தமிழ் எடுக்காமல், பள்ளியிலும் தமிழ் படிக்காமல் வந்தவர்கள் நான்காம் பகுதியில் அடிப்படைத் தமிழ் எழுதித் தேற வேண்டும். ஆறாம் வகுப்பு அளவுக்கான தமிழ்தான். பள்ளியில் தமிழ் படித்துவிட்டு இங்கே வேறு மொழி எடுத்தவர்களுக்குச் சிறப்புத் தமிழ். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் ஒரு மாணவி "அ, ஆ எழுதவே கை நடுங்குது சார்" என்று தமிழ்த்துறைக்குத் தினமும் மத்தியானம் போய்ப் படித்துத் தேறினாள். முதல் செமஸ்டரிலேயே அந்தத் தாள் இருப்பது தெரிந்ததால் அவளால் முடிந்தது.

மதிப்பெண் கணக்கிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அகமதிப்பீடு 25, செமஸ்டர் தேர்வு 75. தேர்ச்சிக்கு 40. அகமதிப்பீட்டில் 22, தேர்வில் 26, கூட்டினால் 48, பாஸ்தானே என்று வருவார்கள். இல்லை. எழுத்துத் தேர்வில் தனியாக 75-க்கு 30 வாங்கியிருக்க வேண்டும். ஆசிரியர் அகமதிப்பீட்டில் அள்ளிப் போட்டாலும் அந்த 30-ஐ எழுதித்தான் வாங்க வேண்டும்.

அப்புறம் வருகைப்பதிவு. செமஸ்டருக்கு 90 நாள், அதில் 75 விழுக்காடு வர வேண்டும். அதாவது 22 நாள்தான் விடலாம். கொஞ்சம் குறைந்தால் காரணம் காட்டிக் கட்டணம் கட்டிச் சமாளிக்கலாம். இன்னும் குறைந்தால் அந்த முறை தேர்வு எழுத முடியாது. ரொம்பவும் குறைந்துவிட்டால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். மலைப் பிள்ளைகளுக்கு இது எங்கே இடிக்கிறது என்றால், ஐப்பசி கார்த்திகையில் மலைப் பாதையில் மண் சரிந்து பஸ் நிற்கும். அதே சமயம் காப்பிப் பழம் பறிக்க ஆள் தேவைப்படும், வீட்டில் "பத்து நாள் இருந்துட்டுப் போ" என்பார்கள். அதற்குள் நவம்பர் தேர்வு வந்துவிடும். ஒரு பையன் பழம் பறிப்பில் மட்டும் 19 நாள் விட்டிருந்தான். ஆகஸ்டில் காய்ச்சலுக்குப் போட்ட லீவையும் சேர்த்தால் எல்லை தாண்டிவிட்டது. பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பத்து நாள் கூலி அவர்களுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். ஆனால் சேலத்தில் கல்லூரி மாணவர்களுக்கான அரசு நல விடுதிகள் இருக்கின்றன. சேர்ந்த முதல் வாரமே விண்ணப்பித்துவிட்டால் மண் சரிந்தாலும் வகுப்பு போகாது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்திருந்தால், பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும். ஆதார் இணைத்த கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும்.

தமிழ்வழியா ஆங்கிலவழியா என்று சேர்க்கை மேசையில் கேட்பார்கள். பலர் யோசிக்காமல் இங்கிலீஷ் என்கிறார்கள். பள்ளி முழுக்கத் தமிழ்வழியில் படித்த பிள்ளை பட்டத்தையும் தமிழ்வழியில் முடித்தால், பட்டப்படிப்பு கேட்கும் மாநில அரசு வேலைகளில் 20 விழுக்காடு முன்னுரிமைக்குள் வரும். 2020-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இடையில் ஒரு கட்டம் மாறினாலும் அந்த உரிமை போய்விடும். ஆங்கிலவழிதான் வேண்டும் என்று தெரிந்தே எடுத்தால் எனக்கு வருத்தமில்லை. எதை விடுகிறோம் என்று தெரியாமல் எடுப்பதுதான் வருத்தம்.

நாகலூர்ப் பெண் ஏப்ரலில் அந்த ஒரு தாளை எழுதினாள். பழைய பாடத்திட்டத்துக்கு எந்தத் தாளை எழுத வேண்டும் என்று தேர்வுப் பிரிவில் கேட்டு, பணம் கட்டி, மூன்று வருடம் கழித்து ஹாலில் உட்கார்ந்தாள். தேறிவிட்டாள். ரிசல்ட் வந்த வாரம் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தாள், அவன் இந்த வருடம் பிளஸ் டூ. பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், ஆர்.டி.ஓ. கையெழுத்திட்ட சாதிச் சான்றிதழ், அவன் பெயரிலேயே வங்கிப் புத்தகம். "அப்புறம் சார்," என்றாள், "சுற்றுச்சூழல் தாள் இவனுக்கு எந்த செமஸ்டர்ல வரும்?"