எலிஜிபிலிட்டி: அருகதையா, பெறுதகுதியா?

அமெரிக்க அரசின் குழந்தைகள் மருத்துவக் காப்பீட்டு விதிகளைத் தமிழில் விளக்கும் குறிப்பொன்றில் 'உங்கள் பிள்ளைக்கு இத்திட்டத்தில் சேர அருகதை இல்லை' என்ற வரியை மறுபடியும் படிக்க நேர்ந்தது. 'எலிஜிபிலிட்டி' என்பதைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள்.

அந்த ஆங்கிலச் சொல் 'தேர்ந்தெடு' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. 'எலெக்‌ஷன்' என்பதற்கும் அதுவே வேர். இன்றைய சட்ட வழக்கில் விதி கேட்கும் நிபந்தனைகளுக்குப் பொருந்தும் நிலை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அருகதையோ வடமொழி 'அர்ஹதா'வின் தமிழ் வடிவம். வணங்கத் தக்கவர் என்ற பொருளில் சமணர் வழங்கும் 'அருகன்' என்ற பெயரும் அவ்வேரினதே. வடசொல் என்பதற்காக மட்டும் நான் அதைத் தள்ளவில்லை. 'என்னைக் கேட்க உனக்கு என்ன அருகதை?' என்று ஏசும்போதுதான் அது பெரும்பாலும் நம் வாயில் வருகிறது. அந்த ஏச்சின் வாடை விண்ணப்பப் படிவத்திலும் போகாது. 1997-இல் தொடங்கிய 'சிப்' என்னும் இந்தக் குழந்தைகள் காப்பீட்டுத் திட்டம், குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் வருமான வரம்பைத் தாண்டிய, ஆனால் தனியார் காப்பீட்டுக்குச் செலவிட இயலாத குடும்பங்களின் 19 வயது நிறையாத பிள்ளைகளுக்கானது. ஆகவே, குடும்ப வருமானம் மாநில வரம்பைக் கடந்துவிட்டதாலோ, மாறாக மெடிக்கெய்டிலேயே சேரும் அளவுக்குக் குறைவாக இருப்பதாலோ, வேறு காப்பீடு ஏற்கெனவே இருப்பதாலோ ஒரு பிள்ளை அதில் சேர முடியாமற் போகலாம். இவற்றில் எது அந்தப் பிள்ளையின் அருகதைக் குறைவு?

'உரிமை' என்று எழுதுவோர் வேறொரு குழப்பத்தை உண்டாக்குகிறார்கள். 1965-இல் வந்த மெடிக்கெய்டில் நிபந்தனைக்குப் பொருந்தியவருக்குப் பயன் சட்ட உரிமையாகிறது. சிப் திட்டத்துக்கான கூட்டரசுச் சட்டமோ தனிமனிதருக்கு அவ்வுரிமையைத் தரவில்லை, மாநிலங்களுக்கு வரம்புள்ள நிதியையே ஒதுக்குகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் இந்த வேறுபாட்டைச் சொல்லவே வழியில்லாமல் போகும்.

தகு என்னும் வினையடியில் பிறந்த 'தகுதி' நல்ல சொல்; 111ஆம் குறளில் அது நடுவுநிலைமையையே குறிக்கிறது. ஆனால் கல்வித் தகுதி, தகுதி அடிப்படையிலான தேர்வு என்று ஆண்டு பலவாய்ப் புழங்கியதில் 'தகுதியற்ற குழந்தைகள்' என்பதும் வசைபோல் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. அதனால் 'பெறுதகுதி' என்பேன். எதனைப் பெறுவதற்கு என்ற கேள்வியை அச்சொல்லே எழுப்பும். எதிர்மறையில் 'இத்திட்ட விதிகளுக்குள் வரவில்லை' என்றால் போதும்.

2024 ஜனவரி 1 முதல், ஒருமுறை சேர்க்கப்பட்ட பிள்ளையை, இடையில் குடும்ப வருமானம் உயர்ந்தாலும், 12 மாதங்களுக்கு மாநிலங்கள் பொதுவாக நீக்கக் கூடாது என்ற விதி நடைமுறையில் உள்ளது. அதைத் 'தொடர் பெறுதகுதி' எனலாம். 'தொடர்ச்சியான அருகதை' என்று எழுதியவர் அதை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்திருக்க மாட்டார்.