தலையைத் திருப்பினால் நிறம் மாறும் பறவை

"கறுப்பாக இருந்த தொண்டை, பறவை தலையைத் திருப்பியதும் பளீரென்று ரோஜா நிறமாகிறது. இந்தக் காணொளி கணினியில் செய்ததா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அசல்தான். அது அன்னா ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட் வகை), வட அமெரிக்காவின் மேற்குக் கரைப் பறவை.

ஓசனிச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நம்மூர்த் தேன்சிட்டு வேறு குடும்பம். அந்தரத்தில் நிற்பது, பின்பக்கமாகப் பறப்பது எல்லாம் பலரும் அறிந்ததுதான். சரி, நிறத்துக்கு வருவோம்.

அந்தத் தொண்டை இறகில் ரோஜாச் சாயம் துளிகூடக் கிடையாது. இருப்பது மெலனின், தலைமுடியைக் கறுப்பாக்கும் அதே பொருள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் அது தட்டைத் தட்டையான வில்லைகளாக அடுக்கடுக்காகக் கிடக்கிறது. ஒவ்வொரு வில்லைக்குள்ளும் நுண்ணிய காற்றறைகள்! விழும் ஒளியில் கொஞ்சம் மேலடுக்கில் பட்டுத் திரும்புகிறது, மிச்சம் உள்ளே போய் அடுத்தடுத்த அடுக்குகளில் திரும்புகிறது. திரும்பும் அலைகளில் எந்த நிறத்தின் முகடுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவோ அது வலுக்கிறது, மற்றவை மங்குகின்றன. சோப்புக் குமிழியில் நடப்பதும் இதுவே. வில்லையின் தடிமனும் காற்றின் அளவும் சற்று மாறினால் போதும், அதே பொருட்கள் முதுகில் பச்சையாகவும் தொண்டையில் ரோஜாவாகவும் மின்னும். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தொண்டையிறகின் நுண்ணிழைகள் குட்டிக் கண்ணாடிகள் போல முன்பக்கம் பார்த்தே அமைந்திருக்கின்றன. பக்கவாட்டில் நின்றால் அந்த ஒளி நம் கண்ணுக்கு வராது, மெலனினின் கறுப்பு மட்டுமே தெரியும்.

இதை 1960இல் அளந்து விளக்கியவர்களில் ஒருவர் டூபான்ட் என்ற அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனத்தின் தலைவராக இருந்த கிராஃபோர்ட் கிரீன்வால்ட். அவருக்கு வசதி இருந்தது. வசதியில்லாதவர்கள் இப்படிப்பட்ட கேள்விகளைத் துரத்த அரசுகள்தான் நிதி தர வேண்டும். "இதனால் என்ன பயன்?" என்று முதலிலேயே கேட்பது ஆராய்ச்சியின் கழுத்தை நெரிப்பது.

ஓவியர்களையும் இந்த நிறம் திணறடித்தது. 1849 முதல் 1861 வரை வெளிவந்த ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் கூல்டின் ஓசனிச்சிட்டுப் படங்களில் வெறும் வண்ணம் போதாமல், தங்கத் தாளை ஒட்டி அதன்மேல் ஒளி ஊடுருவும் வண்ணம் பூசினார்கள்.

சாயம் வெளுக்கும், இந்த அமைப்பு அவ்வளவு எளிதில் வெளுக்காது. அருங்காட்சியகங்களில் இறகோடு பதப்படுத்திய 19ஆம் நூற்றாண்டுத் தோல்கள் இன்றும் மினுங்குகின்றன. அந்த மினுக்கமே பறவைக்கு வினையானது. தொப்பிகளை அலங்கரிப்பதற்காக ஆயிரக்கணக்கான தோல்கள் லண்டனில் ஏலம் போயின. மெக்சிகோவில் இன்னமும் இதைக் கொன்று உலர்த்திக் காதல் தாயத்தாக விற்கிறார்கள். செத்த பறவை யார் மனதையும் மாற்றாது. இந்த மூடநம்பிக்கையை எண்ணினால் வயிறு எரிகிறது.

காதலுக்கு இந்த நிறம் எப்படி உதவுகிறது என்பதை உயிருள்ள ஆண் அன்னா சிட்டிடம் பார்க்க வேண்டும். அது நேராக மேலே ஏறி, பெண் இருக்கும் இடத்தை நோக்கிச் செங்குத்தாகப் பாய்ந்து வரும். வெயில் நாளில் சூரியன் இருக்கும் திசை பார்த்தே பாயும், தொண்டை முழுதும் பற்றி எரிவதுபோல் பெண்ணின் கண்ணில் படும்படி.