மரியோ காத்திருக்கும் காசு

தொண்ணூறுகளில் நம் ஊர் வீடுகளில் டிவியில் மாட்டி விளையாடிய கேசட் கேம் கருவிகளில் பல, ஜப்பானின் நின்டெண்டோ 1983இல் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். கருவி எப்போதோ பரணுக்குப் போய்விட்டது. அதே கேமை இன்று போனில் எமுலேட்டர், அதாவது பழைய கருவியைப் போலவே நடிக்கும் செயலி, போட்டு விளையாடுகிறோம். போனின் ப்ராசஸருக்கோ அந்தப் பழைய சிப்பின் மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. அப்புறம் எப்படி ஓடுகிறது?

கேசட்டுக்குள் இருப்பவை எண்கள். 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட்தான். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் பெரும்பாலும் அதைவிடப் பெரிது. அந்த எண்களுக்கு நடுவே 169, 5, 133, 16 என்று நான்கு வருவதாக வைத்துக்கொள்வோம். ஃபேமிகாமில் இருந்த 6502 வகைச் சிப்புக்கு 169 என்றால் ‘அடுத்த எண்ணைக் கையில் எடு’ என்று பொருள். 133 என்றால் ‘கையில் இருப்பதை அடுத்து வரும் எண்ணுள்ள அறையில் வை’. ஆக, 5ஐ எடுத்து 16ஆம் அறையில் வைக்க வேண்டும். எமுலேட்டர், போனின் நினைவகத்தில் ‘கை’ என்று ஓர் இடத்தையும் 2 கிலோபைட்டுக்கு அறைகளையும் ஒதுக்கிக்கொள்கிறது. பிறகு ஒவ்வோர் எண்ணாகப் படித்து, அந்தச் சிப் செய்திருக்கக்கூடியதை அப்படியே செய்கிறது.

சில அறைகள் உண்மையில் அறைகளே அல்ல. 16406 என்ற முகவரிக்குப் பின்னால் இருப்பது ஜாய்ஸ்டிக். கேம் அதை எட்டு முறை படிக்கும், ஒவ்வொரு முறைக்கும் ஒரு பட்டனின் நிலை வரும். உங்கள் விரல் போன் கண்ணாடியில் எங்கே படுகிறது என்று பார்த்து, எமுலேட்டர் அந்த எட்டு பதில்களையும் தயாராக வைத்திருக்கிறது.

இதுவரை சொன்னது, பொறுமை இருந்தால் யாரும் எழுதிவிடக்கூடியது. என்னைக் கேட்டால், உண்மையான சவால் நேரம்தான்.

ஃபேமிகாமில் படம் வரைய ஒரு தனிச் சிப் உண்டு. முழுப் படத்தையும் சேர்த்து வைக்க அதனிடம் நினைவகம் கிடையாது. டிவியில் கோடு கோடாக ஒளி நகர, அந்தந்தக் கணத்துக்கான புள்ளியைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். முதன்மைச் சிப்பின் கடிகாரம் ஒரு முறை துடித்தால் இது மூன்று புள்ளி நகரும். நாம் பார்த்த 169க்கு 2 துடிப்பு, 133க்கு 3 துடிப்பு. அந்த இரண்டு கட்டளைகளும் முடிவதற்குள் திரையில் 15 புள்ளிகள் கடந்துவிடும்.

மரியோவில் இதை நேரில் பார்க்கலாம். மேலே மதிப்பெண்ணும் காசும் அசையாமல் நிற்க, கீழே உலகம் நகர்கிறது. படம் வரையும் சிப்புக்கோ ஒரு சமயத்தில் ஒரே ஒரு நகர்வு அளவுதான் தெரியும். அதனால் மேல் பகுதியை நகராமல் வரையவிட்டு, பாதியில் அளவை மாற்றுகிறார்கள். எங்கே மாற்றுவது? மேலே இருக்கும் அந்தச் சின்னக் காசின் அடிவிளிம்பு ஒரு தனித் துண்டுப் படமாக அதே இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. ஒளி அங்கே வந்ததும் 8194 என்ற முகவரியில் அதற்கு அடையாளமாக ஒரு ‘கொடி’ ஏறும். கேம் அந்தக் கொடியையே பார்த்தபடி சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும்.

முதலில் எல்லாக் கட்டளைகளையும் ஓட்டிவிடலாம், படத்தைக் கடைசியில் ஒரே மூச்சில் வரைந்துகொள்ளலாம் என்று எழுதப்பட்ட எமுலேட்டரில் அந்தக் கொடி ஏறவே ஏறாது. மரியோ ஓரடி எடுத்து வைக்கமாட்டான். அதனால் நல்ல எமுலேட்டர் ஒரு கட்டளையை முடித்ததும் அதற்குரிய புள்ளிகளை வரைந்து, பிறகுதான் அடுத்த கட்டளைக்குப் போகிறது. ஒரு படத்துக்கு ஏறக்குறைய 29,780 துடிப்புகள், வினாடிக்கு 60 படங்கள். இன்றைய போன் இதை மிச்ச நேரத்தோடு முடித்துவிடும், மிச்சத்தில் சும்மா காத்திருக்கும். காத்திருக்காவிட்டால் மரியோ கண்மண் தெரியாமல் ஓடிப் பள்ளத்தில் விழுவான்.