பலகையை வெடிக்க வைக்கும் வேகம்: கொல்லையில் உலர்கூடம் கட்டுவோர் கவனத்திற்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள், காற்றில் சாய்ந்த வேம்பையும் காய்ப்பு நின்ற பலாவையும் விறகுக்குத் தள்ளாமல் பலகையாக அறுத்து, அதை வெயில் சூட்டில் உலர்த்தக் கொல்லையிலேயே சூரியக் கூடம் கட்ட யோசனை கேட்டு என் பட்டறைக்கு வருகிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் அவர்கள் கையோடு கொண்டுவரும் வரைபடங்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளுக்கு வரையப்பட்டவை. அங்கே சூட்டைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. நம் சித்திரை வெயிலில் சூட்டை அடக்குவதுதான் வேலை.

பச்சை மரத்தின் ஈரம், அதன் காய்ந்த எடையில் சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. வெளிப்புறம் அவசரமாக அந்த அளவைத் தாண்டிக் காய்ந்து இறுகிவிட, உட்புறம் இன்னும் ஈரமாக இருந்தால், பின்னர் சுருங்க முயலும் உள்மரம் இறுகிய ஓட்டோடு இழுபட்டு உள்ளேயே வெடிக்கும். வெளியே பழுதின்றித் தெரியும் அந்தப் பலகையை ஆசாரி ரம்பத்தில் வைத்த பிறகே குட்டு உடைகிறது. நம் ஊர் வீடுகளின் பர்மா தேக்கைக் காட்டி, மரம் என்றால் அசையாது என்று வாதிடுபவர்கள் உண்டு. பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது என்பதற்காகப் பர்மாவில் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வெட்டி, மரத்தை நின்ற நிலையிலேயே ஓரிரு ஆண்டுகளுக்கும் மேலாகக் காயவிட்ட பிறகே வீழ்த்தினார்கள் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

கூடத்தின் கூரை தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நாம் ஏறக்குறைய 10 பாகை அட்சரேகையில் இருப்பதால் மழைநீர் வடியும் அளவுக்குச் சாய்வு போதும். கூரைக்குப் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பசுமைக்குடில் பாலித்தீன் விரிப்பு, அதன் கீழே கறுப்பு வண்ணம் பூசிய தகடு, அடுக்கின் ஊடாகக் காற்றைத் தள்ள விசிறி, திறந்து மூடத்தக்க காற்றுவழிகள், இவ்வளவுதான் கட்டுமானம். ஓர் அங்குலப் பலகையானால் 100 சதுர அடிக் கூரைக்குச் சுமார் 80 கன அடி மரம் என்ற அளவு பரவலாகப் பின்பற்றப்படுகிறது. கூடத்தைப் பாதி நிரப்பினால் பலகை வேகமாகக் காயும், வெடிப்பும் அதே வேகத்தில் வரும். வேம்பு, வாகை போன்ற கெட்டி மரங்களுக்கு முதல் சில நாள்கள் கூரைமேல் நிழல்வலை போட்டு, காற்றுவழிகளைப் பெரும்பாலும் மூடியே வைக்கச் சொல்கிறேன். இரவில் விசிறியை நிறுத்திவிட வேண்டும்; அப்போது கூடத்துக்குள் ஈரம் ஏறி, பகலில் இறுகிய மேற்பரப்பு மீண்டும் தளர்கிறது. சூரியக் கூடத்தின் உண்மையான பலம் இந்த இரவு ஓய்வுதான்.

பலகையின் இரு முனைகளிலும் அறுத்த அன்றே மெழுகோ கெட்டியான பெயின்டோ பூசாவிட்டால் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் வீண். பலகைகளுக்கு இடையே ஓர் அங்குலக் காய்ந்த ரீப்பர்களை இரண்டடிக்கு மேற்படாத இடைவெளியில், ஒன்றன்மேல் ஒன்று நேராக வரும்படி வைக்க வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. பலகையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி உடனே எடைபோட்டு, ஓவனில் 103 பாகை செல்சியஸில் எடை மாறாத நிலைவரை காயவைத்து மீண்டும் எடைபோடுங்கள். 120 கிராம் துண்டு 80 கிராமாக நின்றால், குறைந்த 40 கிராமைக் காய்ந்த எடையால் வகுக்க ஈரம் 50 விழுக்காடு என்று வரும். நம் பகுதியில் வீட்டுக்குள் புழங்கும் மரச்சாமான்களுக்கு 10 முதல் 12 விழுக்காடு வரை இறக்கினால் போதுமானது.

சூரியக் கூடத்தின் வெப்பம் மரத்தின் உள்வரை ஏறி உளுப்பூச்சியைக் கொல்லும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. மாம்பலகை, மற்ற மரங்களின் வெளிறு (வைரம் பாயாத வெளிப்பகுதி) ஆகியவற்றைப் பச்சையாக இருக்கும்போதே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவிட்டு அடுக்குவது பாதுகாப்பு.

மழைக்காலத்தில் வேலை நிற்கிறதே என்று கூடத்துக்குள் விறகு மூட்டுபவர்களை நான் கண்டிப்புடன் தடுக்கிறேன். காய்ந்த பலகையும் பாலித்தீனும் சேர்ந்த இடத்தில் ஒரு பொறி போதும். சாதாரண மேசை விசிறியின் மோட்டார் கூடத்துக்குள் இருக்கும் சூட்டுக்கு ஏற்றதல்ல. மோட்டார் வெளியே அமையும்படி விசிறியைப் பொருத்தி, மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் வைக்க வேண்டும். கோடையில் காய்ந்த பலகையைத் திறந்த கொட்டகையில் போட்டு வைத்தால் ஐப்பசி மழையில் அது மீண்டும் ஈரம் ஏற்றுக்கொள்ளும். ஆகவே, வேலைக்கு எடுக்கும் முன் இன்னொரு துண்டை வெட்டி எடைபோட்டுப் பார்த்துவிட்டே ஆசாரியிடம் கொடுங்கள்.