கரையேறிய புயல் ஏன் தளர்கிறது?

கரையைக் கடந்ததும் புயல் ஏன் சீக்கிரமே வலுவிழக்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மரமும் மலையும் தடுப்பதால் என்று பலரும் சொல்வார்கள். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் முக்கியமான காரணம், கீழே கடல் இல்லாமல் போவது.

புயல் பிறக்கும் கதை பள்ளிப் பாடத்திலேயே உண்டு. கடல்பரப்பு சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வேண்டும், அந்தச் சூடு 50 மீட்டர் ஆழம் வரையாவது இருக்க வேண்டும். சூடான காற்று மேலே ஏற, கீழே அழுத்தம் குறையும். அந்த இடத்தை நோக்கிப் பாயும் காற்றை பூமியின் சுழற்சி திருப்பிவிடும், அதனால் அது சுழலத் தொடங்கும்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். வியர்வை உலரும்போது உடம்பு குளிர்கிறதல்லவா? ஆவியாகும் நீர் நம் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கடலிலும் இதேதான். 30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு, அதே நீரை ஆவியாக்கத் தேவை. அவ்வளவு வெப்பமும் எந்த வெப்பமானிக்கும் தெரியாமல் ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது. உள்ளுறை வெப்பம் என்று எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்! உயரே போய்க் குளிர்ந்து மேகத்துளியாகும்போது, வாங்கியதை எல்லாம் ஆவி திருப்பிக் கொடுத்துவிடுகிறது. சுற்றியுள்ள காற்று சூடாகி இன்னும் மேலே ஏறுகிறது. கீழே அழுத்தம் இன்னும் குறைய, நாலாபுறமிருந்தும் காற்று இன்னும் வேகமாகப் பாய்கிறது. அந்த வேகம் கடலிலிருந்து மேலும் ஆவியை அள்ளுகிறது. தனக்கு வேண்டிய எரிபொருளைத் தானே இறைத்துக்கொள்ளும் இயந்திரம் இது. நிலத்துக்கு வந்தால் இறைக்க நீர் இல்லை.

தளர்வதற்கு முன் கரையில் அது செய்வதுதான் கொடுமை. காற்றைவிட, காற்று தள்ளிக்கொண்டு வரும் கடல்நீரே அதிக உயிர்களைப் பறிக்கிறது. மையத்தில் அழுத்தம் 50 மில்லிபார் குறைந்தாலும் கடல் அரை மீட்டர்தான் எழும்பும். மற்றதெல்லாம் காற்றின் வேலை. ஆழமில்லாத கடலில், தள்ளப்பட்ட நீர் அடிவழியாகத் திரும்பிப் போக இடமின்றி ஊருக்குள் ஏறிவிடும். வங்காள விரிகுடாவின் வடமுனை ஆழம் குறைந்தது, புனல்போல் குறுகுவது. 1970 நவம்பரில் போலா புயல் அங்கே குறைந்தது 3 லட்சம் பேரைக் கொன்றது.

இந்தச் சாவுகளைத் தலைவிதி என்று சொல்பவர்களோடு எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை. புயலை முன்கூட்டியே கண்டறிய உதவும் ரேடாருக்கும், கடலில் மிதந்தபடி அளவெடுக்கும் மிதவைக்கும் நிதி கேட்டால் தயங்குபவர்கள் ஒடிசாவைப் பார்க்க வேண்டும். 1999 சூப்பர் புயலில் அங்கே சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் புயல் வருவது முன்பே தெரிந்ததால் ஏறத்தாழ 10 லட்சம் பேரை வெளியேற்றினார்கள். இறந்தவர்கள் 50 பேருக்கும் குறைவு.