பஸ் ஸ்டாப்பைச் சுற்றி வட்டம் போட்டால் போதாது

மதுரையில் ஏழைக் குடும்பங்களுக்கு எந்தச் சேவை எட்டுகிறது என்று காட்டும் வரைபடங்கள் பார்வைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றிலும் அதே கோளாறு. ஸ்டாப்பை நடுவில் வைத்து 500 மீட்டருக்கு ஒரு வட்டம். உள்ளே விழும் வீட்டுக்கெல்லாம் ‘பேருந்து வசதி உண்டு’ என்று பச்சை நிறம். தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

வட்டத்துக்கு வைகை தெரியாது. சிம்மக்கல் பக்கம் கரையோரம் போட்ட வட்டம் ஆற்றைத் தாண்டி வடகரை வீடுகளையும் அள்ளிக்கொள்ளும். அந்த வீட்டுக்காரர்கள் பாலத்தைச் சுற்றித்தான் வரமுடியும். செல்லூரில் ரயில் தண்டவாளமும் இப்படித்தான் குறுக்கே கிடக்கிறது. ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் தெருக்களை எடுத்து நடைதூரம் பாருங்கள். விட்டுப்போன சந்துகளை நேரில் நடந்து சேருங்கள். நடைவேகம் மணிக்கு 3 கிலோமீட்டர் போதும். இடுப்பில் பிள்ளையோடு வருபவருக்கு அதுவே அதிகம்.

வாசலிலேயே ஸ்டாப் இருந்தாலும் பஸ் வரவேண்டுமே! 40 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரிக் காத்திருப்பு 20 நிமிடம். 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் இருக்கிறது, ஆனால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும். டீலக்ஸையும் சேர்த்து எண்ணாதீர்கள். கையில் காசில்லாதவருக்கு அது வராத பஸ்தான். ராஜாக்கூர் வாரியக் குடியிருப்பிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குக் கணக்கிட்டால், வீட்டு வாசலில் தொடங்கி ஓ.பி. சீட்டு வரிசை வரை நடை, காத்திருப்பு, பயணம், பஸ் மாறுவது எல்லாம் சேரவேண்டும். திரும்பி வரும் நேரமும்தான், ஏனென்றால் பறிபோவது அன்றைய கூலி. கலெக்டர் ஆபீஸ் மனுவுக்குக் குறைதீர் நாளான திங்கட்கிழமை காலை நேரத்தையே வையுங்கள்.

2011 சென்சஸ் தரவு பழைய 72 வார்டுக்கு உரியது. இன்று 100 வார்டு. எல்லையைப் பார்க்காமல் வார்டு எண்ணை மட்டும் வைத்து இணைத்தால் ஒரு பகுதியின் வறுமை வேறு பகுதியில் போய் உட்காரும்.

அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில் தூரம் அளக்காதீர்கள்; மீட்டரில் அளங்கள். பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் யுடிஎம் முறையில் மதுரை நகரம் 44-ஆம் மண்டலம்; உசிலம்பட்டி 43. மாவட்டம் முழுவதற்கும் 44-ஐயே வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆற்றங்கரை, வாய்க்கால்கரைக் குடிசைகளை வீடுவீடாகப் புள்ளி வைத்துப் பொதுவில் வெளியிடாதீர்கள். ரேஷன் கடை எட்டவில்லை என்று காட்டப் போட்ட புள்ளி, ஆக்கிரமிப்பு அகற்றும் பட்டியலாகிவிடும். தெரு அளவில் தொகுத்துக் கொடுங்கள். மூலக் கோப்பு உங்களிடமே பூட்டில் இருக்கட்டும்.