மழை விட்டும் தூவானம் விடாதது ஏன்?

2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிச் சென்னையை மூழ்கடித்த அந்த மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அடையாறு கரை மீறி முடிச்சூர், ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வரிசையாகத் தண்ணீருக்குள் போயின. அன்று மொட்டைமாடியில் இரவைக் கழித்தவர்களிடம் இப்போது பேசிப் பாருங்கள். சுவரில் இருந்த தண்ணீர்த் தடத்தை வெள்ளையடித்து மறைத்தாகிவிட்டது, ஃப்ரிட்ஜும் வண்டியும் புதிதாக வாங்கியாகிவிட்டது, ஆனாலும் கார்த்திகை மாதம் நடுராத்திரியில் மழைச்சத்தம் வலுத்தால் எழுந்துபோய்த் தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி படுப்பார்கள் பலர். "அதெல்லாம் முடிஞ்சு எத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் எதுக்குப் பயப்படுற?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், பதில் நம் உடம்புக்குள் இருக்கிறது.

ஆபத்து என்று மூளைக்குப் பட்டதும் இரண்டு வேலைகள் தொடங்குகின்றன. முதலாவது நொடிக்கணக்கில் நடக்கும்: நரம்புகள் வழியாகச் செய்தி போய், சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விடும், நெஞ்சு படபடக்கும், மூச்சு வேகமாகும், கைகால் தசைகள் ஓடுவதற்குத் தயாராகும். இரண்டாவது கொஞ்சம் நிதானமானது. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும், அது அட்ரினலுக்குச் சொல்லும், அங்கிருந்து கார்ட்டிசால் என்ற ஹார்மோன் வரும். இது உச்சத்துக்குப் போக இருபது முப்பது நிமிஷம் ஆகும். கார்ட்டிசாலைப் பற்றி இப்போது எல்லோரும் கெட்டதாகவே பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி நெருக்கடியைத் தாங்கச் சக்தி கொடுப்பதே அதுதான், தினமும் காலையில் நாம் கண்விழிக்கும் நேரத்திலும் அது உயரத்தான் செய்கிறது. அதைவிட அழகான விஷயம், அதே கார்ட்டிசால் ரத்தத்தோடு மூளைக்குத் திரும்பிப் போய் "போதும், நிறுத்து" என்ற உத்தரவையும் கொடுக்கிறது. பதற்றத்தைத் தொடங்கும் அமைப்புக்குள்ளேயே அதை முடிக்கும் வழியும் சேர்ந்தே இருக்கிறது.

அப்படியானால் ஏன் முடிய மாட்டேன் என்கிறது?

இந்த அமைப்பைப் பொறுத்தவரை கண்முன்னே நடக்கும் ஆபத்துக்கும் நினைத்துப் பார்க்கும் ஆபத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் வேலை போய்விட்டது என்று வையுங்கள். போனது ஒருநாள் மதியம். ஆனால் "அந்த மீட்டிங்கில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ, வேறு டீமுக்கு அப்போதே மாறியிருக்கலாமோ, எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று ராத்திரி இரண்டு மணிக்குப் படுத்தபடியே ஓட்டிப் பார்க்கும்போது ஒவ்வொரு தடவையும் உடம்பு அதே சங்கிலியை மறுபடி இழுக்கிறது. நாள் கணக்கில், மாதக் கணக்கில் இப்படி ஓடினால் தூக்கம், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாமே தேய்மானம் காணும். புரூஸ் மெக்கீவன் என்ற நரம்பியல் அறிஞர் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது இந்தத் தேய்மானத்தைத்தான்.

சூசன் நோலன் ஹோக்ஸிமா என்ற உளவியலாளரின் ஆய்வு ஒன்று இங்கே ரொம்பப் பொருத்தம். 1989இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்குச் சில நாள் முன்புதான், தற்செயலாக, ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களிடம் "மனசு சரியில்லாதபோது என்ன செய்வீர்கள்" என்று அவர் கேட்டு வைத்திருந்தார். நிலநடுக்கத்துக்குப் பிறகு பார்த்தால், நடந்ததையே அசைபோடும் பழக்கம் முன்பே இருந்தவர்களுக்கு மனச்சோர்வு அதிகமாக இருந்தது, ஏழு வாரம் கழித்துப் பார்த்தபோதும்.

சரி, நினைக்காமல் இருந்துவிடலாமா? அதுவும் நடக்காது. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரிடம் ஒரு வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்று சொன்னார், அவர்களுக்கு அந்தக் கரடி திரும்பத் திரும்ப நினைவில் வந்துகொண்டே இருந்தது. ஒன்றை விரட்ட வேண்டுமென்றால் அது வருகிறதா என்று மூளை ஒரு ஓரத்தில் காவல் காக்க வேண்டும், அந்தக் காவலே அதை அழைத்து வருகிறது. அழுகிறவரிடம் "அதையே நினைக்காதே" என்று சொல்வது எவ்வளவு அன்போடு சொன்னாலும் பலன் தராததற்குக் காரணம் இதுதான்.

பலன் தருவது வேறொன்று. 2007இல் மேத்யூ லீபர்மன் குழுவினர், கோபமும் பயமும் தெரியும் முகப்படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்கு ஒரு பெயர் சொல்லச் சொன்னார்கள். பெயர் சொன்னபோது, பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் வேகம் குறைந்தது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி ஒன்று சுறுசுறுப்பானது. "எனக்குப் பயமா இருக்கு", "அவமானமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்வது புலம்பல் ஆகாது. நடந்ததை ஏற்றுக்கொள்வது என்று நான் சொல்வது இதைத்தான், தோற்றுப்போய் உட்காருவதை அல்ல.

உட்கார்ந்துவிடுவதைப் பற்றியும் ஆய்வு இருக்கிறது. தப்பிக்க வழியே இல்லாத மின்னதிர்ச்சி வாங்கிய நாய்கள் பிறகு வழி இருந்தபோதும் முயற்சி செய்யவில்லை என்று 1967இல் செலிக்மன், மேயர் என்ற உளவியலாளர்கள் காட்டினார்கள், செயலற்றுப் போவதை நாய்கள் கற்றுக்கொண்டன என்று சொன்னார்கள். ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து 2016இல் அதே இருவரும், மூளை ஆய்வுகளைப் பார்த்தபின், தங்கள் விளக்கத்தைத் தலைகீழாக மாற்றினார்கள்: நீண்ட துன்பத்தில் உடம்பு முடங்குவது இயல்பு, "நிலைமையை மாற்ற என்னால் ஏதோ செய்ய முடியும்" என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்கிறது. இதைப் படித்தபோது எனக்கு 2015தான் ஞாபகம் வந்தது. வீட்டுக்குள் வந்த சேற்றை விளக்குமாறால் தள்ளியதும், பக்கத்துத் தெருவுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டியதும் உதவி மட்டுமில்லை, முடங்கிய மூளைக்கு அது பாடமும்கூட.

பழைய பயம் மூளையிலிருந்து அழிவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். "இந்தச் சத்தம் கேட்டும் ஒன்றும் ஆகவில்லை" என்ற புது அனுபவம் அதன் பக்கத்திலேயே பதிந்து பழையதை அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான். அன்றைய நேரமும் இருட்டும் ஈரவாசனையும் மறுபடி ஒன்றுசேர்ந்தால் பழையது எட்டிப் பார்க்கும். அதனால் கார்த்திகை ராத்திரியில் எழுந்துபோய்ப் பார்ப்பவர் குணமாகவில்லை என்று அர்த்தம் இல்லை.

துயரம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்று கணிப்பதிலும் நாம் தப்புத்தான் செய்கிறோம், பெரும்பாலும் கூடுதலாகவே கணிக்கிறோம் என்று உளவியலாளர்கள் கில்பர்ட், வில்சன் குழுவின் 1998 ஆய்வு காட்டியது. ஆனால் எல்லாம் தானாகச் சரியாகும் என்று நான் சொல்ல மாட்டேன். ஜெர்மனியில் ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருஷம் தொடர்ந்து கேட்ட கணக்கெடுப்பில், வேலை இழந்தவர்கள் பலர் மறுபடி வேலை கிடைத்த பிறகும் பழைய மனநிறைவுக்கு முழுதாகத் திரும்பவில்லை. இது அவர்களுடைய குறை கிடையாது.

பக்கத்தில் ஆள் இருப்பதும் உடம்புக்கு நேரடியாகத் தெரியும். மின்னதிர்ச்சி வரப்போகிறது என்று காத்திருந்த பெண்கள் கணவர் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் ஆபத்து எதிர்வினை குறைந்ததை 2006இல் ஜேம்ஸ் கோன் ஸ்கேன் கருவியில் பார்த்தார். உறவு நன்றாக இருந்தவர்களுக்குப் பலனும் அதிகம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனசு இருண்டே இருந்து, தூக்கமும் பசியும் போய், எதிலும் ஈடுபாடு வரவில்லை என்றால் அது டாக்டரைப் பார்க்க வேண்டிய நிலை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்று தனிப் பிரிவே உண்டு. 14416க்குப் போன் செய்தால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் மட்டும் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.